நெல்மூட்டையும் எண்ணூறு மீட்டரும்

எங்கள் பள்ளியில் பி.டி. சார் சொன்னதுதான் சட்டம். குண்டு போடுகிறவன் பளு தூக்கலாம், வட்டு வீசுகிறவன் கர்லாக்கட்டை சுற்றலாம். ஓடுகிற பிள்ளை மட்டும் பளுவைத் தொடவே கூடாது. தொட்டால் உடம்பு இறுகிவிடும், கால் கனத்துவிடும், வேகம் போய்விடும். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் சார்லஸ் பொரோமியோ 800 மீட்டரை 1 நிமிடம் 46.81 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பத்திரிகையில் வந்த படத்தை சார் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். "நல்லாப் பாத்துக்குங்கடா, எவ்வளவு ஒல்லியா இருக்காரு. ஓட்டக்காரன் ஒடம்புன்னா இதுதான்" என்றார். நான் அப்போது ஒன்பதாவது. தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது.

பளுவைத் தொடக் கூடாது என்று சார் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் காலையில் எதைத் தூக்கிவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள் என்பதை அவர் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. வயல் வேலை வேறு, பயிற்சி வேறு என்றுதான் இரண்டு தரப்புமே நினைத்திருந்தோம்.

குறுவை அறுப்பும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். புரட்டாசி மழைக்கு முன்னால் கதிரைக் களத்தில் சேர்த்தாக வேண்டும். விடியும் முன்பே வயலில் இறங்கிவிடுவோம். பெரியவர்கள் அறுத்துப் போட்ட அரியை வாரிக் கட்டாகக் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிவிடுவார்கள். முதல்நாள் தூறல் போட்டிருந்தால் தாள் ஈரம் குடித்திருக்கும், கழுத்து உள்ளே இறங்குவது போலிருக்கும். வரப்பு ஒரு சாண் அகலம்தான். நடுவில் நண்டு வளை, வழுக்கல் மண். கட்டுத் தூக்குகிறவர்கள் அதன்மேல் நடப்பதில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கால்விரலால் மண்ணைப் பிடித்து, இடுப்பை ஆட்டாமல், சிறு எட்டாகக் குறு ஓட்டம் ஓடுவார்கள். நின்றால் கழுத்து கடுக்கும், வேகமாகப் போனால் நெல் உதிரும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளம் இருக்கிறது. அம்மா, அத்தை, அண்டை வீட்டு அக்காக்கள் எல்லோருக்கும் அது கைவந்திருந்தது. களத்தில் கட்டைப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு திரும்பும் தூரம்தான் மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் நேரம். அடித்துத் தூற்றிய நெல்லை 60 கிலோ மூட்டையாகப் பிடித்து வண்டியில் ஏற்றுவது பையன்கள் வேலை. ஒருவன் தூக்கிவிட, இன்னொருவன் முதுகு கொடுப்பான்.

ஒற்றைக் காலில் பாரம் தாங்குவது, கணுக்காலும் கெண்டையும் உறுதிப்படுவது, முதுகு வளையாமல் நிற்பது என்று இன்றைய பயிற்சியாளர்கள் எதையெல்லாம் அட்டவணை போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அதெல்லாம் அந்த வரப்பில் இருந்தது. மாலையில் வந்து சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுவோம். வட்டாரப் போட்டியில் முதல் சுற்று எங்கள் பையன்களுடையதாகத்தான் இருக்கும். கடைசி 150 மீட்டரில் டவுன் பள்ளிப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களுக்குத் தெம்பு போதவில்லை என்று சார் வருத்தப்பட்டு மறுநாள் இன்னும் மூன்று சுற்று சேர்ப்பார். தெம்புக்கு ஒரு குறையும் இல்லை. வாரம் முழுக்கக் கட்டுத் தூக்கிய கால்கள் அவை, ஒரு நாள்கூட ஓய்வு பார்க்காதவை.

சாருக்கு அந்தப் பயம் தனியாக வந்ததல்ல, நாடு முழுக்க அப்போது அப்படித்தான் பேச்சு. ஆனால் அவர் படத்தை ஒட்டிய அந்த நாளில் 800 மீட்டர் உலக சாதனை யாரிடம் இருந்தது? இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோவிடம். முந்தைய வருஷம், 1981-ல், இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் 1 நிமிடம் 41.73 விநாடியில் ஓடி வைத்தது அது. 1997 வரை யாரும் அதை முறியடிக்கவில்லை. கோ பார்ப்பதற்கு ஒல்லி, லேசான உடம்பு. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காண்டி என்ற பயிற்சியாளரிடம் பளுவும் சர்க்யூட் பயிற்சியும் பல வருஷம் செய்தவர். பளு அவர் உடம்பைப் பருக்க வைக்கவில்லை. கடைசி நூறு மீட்டரிலும் நிமிர்ந்து ஓட வைத்தது.

நடுத்தர ஓட்டத்தில் பலம் எங்கே வேலை செய்கிறது என்பதை யாராவது அன்று எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். 800 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைக் கொண்டுதான் கிடைக்கிறது. ஸ்பென்ஸர், காஸ்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் அளந்து 66 சதவீதம் என்றார்கள். 1500 மீட்டருக்கு 84 சதவீதம். அப்படியானால் ஓடி ஓடித்தானே தேற முடியும் என்று தோன்றும். அது சரிதான், ஓட்டம்தான் முதல். ஆனால் ஒவ்வொரு எட்டிலும் கால் தரையைத் தொட்டு விடுபடும் அந்தச் சின்ன நேரத்துக்குள் உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைத் தாங்கித் திருப்பி எறிய வேண்டும். கெண்டையும் குதிகால் நரம்பும் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் கசியும். 600 மீட்டர் தாண்டினால் இடுப்பு உட்கார்ந்துவிடும், முழங்கால் எழாது, எட்டு குறுகும். மூச்சு இருந்தும் வேகம் இறங்குவது அங்கேதான்.

பின்லாந்தில் பாவோலைனனும் உடன் பணியாற்றியவர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பெரிய திருப்பம். நல்ல பயிற்சியில் இருந்த ஓட்டக்காரர்களின் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, துள்ளல், தாவல், குறுவேக ஓட்டம், வேகமாகத் தூக்கும் லேசான பளு என்று 9 வாரம் கொடுத்தார்கள். 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. ஆக்சிஜன் கொள்ளளவு கூடவே இல்லை. அதே வேகத்துக்குச் செலவாகும் சக்திதான் குறைந்திருந்தது. 2008-ல் நார்வேயில் ஸ்டோரனும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில் பளு நிஜமாகவே கனம். நான்கு முறைக்கு மேல் தூக்க முடியாத பாரத்தைத் தோளில் வைத்து அரை பஸ்கி, நான்கு செட், வாரம் மூன்று நாள், 8 வாரம். ஓட்டச் சிக்கனம் 5 சதவீதம் கூடியது, உடல் எடை ஏறவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, 1980-ல், அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் ஓட்டத்தையும் பளுவையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். பத்து வாரம் இரண்டையும் கடுமையாகச் செய்தவர்களுக்கு ஏழாவது வாரம் வரை பலம் ஏறி, பிறகு நின்று, இறங்கத் தொடங்கியது. மூச்சுத் திறனில் குறைவில்லை. பளு ஓட்டத்தைக் கெடுக்கும் என்று உலகம் பயந்துகொண்டிருந்தது. அவர் கண்டது ஓட்டம் பலத்தைக் கெடுப்பதை. எங்கள் ஊர்ப் பையன்களின் கதை எனக்கு அந்த ஆய்வில்தான் விளங்கியது. காலை பாரம், மாலை ஓட்டம், இரண்டும் கடுமை, இடையில் தேறிக்கொள்ள நாள் இல்லை. அந்த உடம்பு எதைத்தான் சேமித்து வைக்கும்?

எங்கள் எல்லையைத் தாண்டிப் புதுக்கோட்டைச் சீமைக்குப் போனால் இதைவிடக் கனமான கதை இருக்கிறது. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள், ஊரறிய அவமானப்படுத்தினார்கள். பிறகு ஒரு காலம் அவரே சூளையில் கூலிக்குப் போனார். அதற்கப்புறமும் படித்துப் பயிற்சியாளர் பட்டயம் வாங்கித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். சர்வதேசப் பந்தயத்துக்குத் தயாராகும் ஓட்டக்காரிக்கு வயிறாரச் சோறும் உறங்க நேரமும் எந்த வயதில் கிடைத்தன என்று கணக்குப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. செங்கல் சுமந்த வீட்டில் பலம் பிறந்தது என்று மேடையில் பேசிவிடலாம். பலம் பிறந்தது உண்மை. அது பிறக்க வேண்டிய வழி அதுவல்ல.

அந்த உழைப்பை நான் போற்றவில்லை. குனிந்தே நட்ட பெண்களின் இடுப்பு நாற்பதிலேயே விட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இயந்திரம் வந்தது நல்லது. இப்போது எங்கள் பக்கம் பெல்ட் வண்டி இறங்கினால் ஒரு ஏக்கர் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. நாற்றைப் பாயில் வளர்த்து இயந்திரத்தால் நடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை வரப்பில் கட்டோடு ஓட வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊர்க் களம் இருந்த இடத்தில் இன்று கடைகள். மாடியில் ஜிம். என் அண்ணன் பேத்தி பதினொன்றாவது படிக்கிறாள், 800, 1500 இரண்டும் ஓடுகிறாள், மாதச் சந்தா கட்டி அங்கே போகிறாள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரப்பர் விரிப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முதுகு நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தாள். அவள் கொள்ளுப்பாட்டி கூலி வாங்கிக்கொண்டு செய்ததை, ஏறக்குறைய அதே இடத்தில், அவள் காசு கொடுத்துச் செய்கிறாள். எனக்கு அதில் கோபம் இல்லை, சந்தோஷம்தான். கண்ணாடி முன்னால் நின்று முழங்கால் உள்ளே சாயாமல் பஸ்கி எடுக்க ஒரு பெண் குழந்தைக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார் என்பது எங்கள் ஊரில் பெரிய மாற்றம்.

ஆனால் அவள் ஓட்டம் ஆறு மாதமாக ஏறவில்லை.

"சின்னத் தாத்தா, வெள்ளிக்கிழமை ஆனா காலெல்லாம் பிடிச்சிக்கிது. நானூறு நானூறா ஓடச் சொல்றாங்க, மூணாவதுலயே முடியல" என்றாள்.

"வியாழக்கிழமை என்னம்மா பண்றே?"

"ஜிம்ல லெக் டே தாத்தா."

"எத்தனை எடுக்கிறே?"

"பஸ்கி இருபது இருபதா அஞ்சு செட். அப்பறம் லஞ்சஸ், லெக் பிரஸ்."

ஜிம் மாஸ்டருக்கு அவள் வெள்ளிக்கிழமை ஓடுவது தெரியாது. மைதானத்துக் கோச்சுக்கு அவள் வியாழக்கிழமை தூக்குவது தெரியாது. இருவருமே நல்லவர்கள், அவரவர் நோட்டில் அவரவர் கணக்கு சரி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் கேட்கப்படாத அதே கேள்வி இன்று அவளிடமும் கேட்கப்படவில்லை: இங்கே வருவதற்கு முன்னால் என்ன செய்தாய்? பழைய காலத்தில் அதற்குக் காரணம் வறுமை. இப்போது இரண்டு வாத்தியார்களுக்கு நடுவில் ஒரு போன் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

நானே இருவரையும் டீக்கடையில் உட்கார வைத்தேன். ஜிம் மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, இருபது முறை எடுத்தால்தான் கால் தேறும் என்றார். கால் பருக்க வேண்டியவர்களுக்கு அது சரி. இந்தப் பிள்ளைக்குத் தசை வளர வேண்டாம், இருக்கும் தசை முழுதும் ஒரே நேரத்தில் முறுக்கேற வேண்டும். அதற்குக் கனம் கூட்டி, எண்ணிக்கை குறைக்க வேண்டும். நான்கு ஐந்து முறை, மூன்று செட், இன்னும் ஒன்றிரண்டு தூக்க முடியும் என்கிற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார வேண்டும். மூச்சு வாங்க வைக்கிற வேலையை மைதானம் பார்த்துக்கொள்ளும், ஜிம்மிலும் மூச்சு வாங்க வைத்தால் ஒரே பயிற்சியை இரண்டு இடத்தில் செய்தது போலாகும்.

எந்த நாளில் என்பதுதான் அடுத்த பேச்சு. கடினமான ஓட்டம் இல்லாத நாளில் பளு வைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அப்படி வைத்தால் வாரத்தில் சும்மா இருக்கும் நாளே இருக்காது. கடினத்தோடு கடினத்தைச் சேர்த்துவிட வேண்டும். செவ்வாய் காலை வேக ஓட்டம், ஆறேழு மணி நேரம் கழித்து அன்று மாலையே பளு. புதன் மெதுவோட்டம் மட்டும். வெள்ளிக்கும் சனிக்கும் அதே கணக்கு. ஓட்டம் முதலில், பளு பிறகு. அவள் ஓட்டக்காரி, களைப்பு இல்லாத கால் ஓட்டத்துக்குத்தான் கிடைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் ஜிம் வேண்டாம், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். பஸ்கி, தரையிலிருந்து தூக்குவது, பெஞ்சின்மேல் ஒற்றைக் காலில் ஏறுவது, கெண்டைக்கு எம்பி நிற்பது, கடைசியில் கொஞ்சம் துள்ளல். பந்தயங்கள் தொடங்கிவிட்டால் வாரம் ஒரு நாள். முக்கியமான போட்டிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கனமான பளுவை நிறுத்திவிட வேண்டும். மூட்டை தூக்கிய வாரத்தில் நாங்கள் பந்தயம் ஓடியதை நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அப்பாவும் எங்கள் பக்கத்து ஊர்க் களத்தில் மூட்டை ஏற்றியவர்தானாம். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

ஜிம்மே இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 விநாடியில் உலக சாதனையாக ஓடிய ஹெர்ப் எலியட்டுக்கு அவர் குரு பெர்சி செருட்டி பளுவோடு போர்ட்ஸீ மணல்மேடுகளையும் கொடுத்தார். அதே ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் மலைச்சரிவில் துள்ளி ஏறினார், குரு ஆர்தர் லிடியார்ட் பளுவை நம்பவில்லை. நம் பக்கம் மலை இல்லை. வல்லத்துச் செம்மண் மேடு இருக்கிறது, ஆற்றுக்கரைச் சரிவு இருக்கிறது. கோடையில் கொள்ளிடத்து மணல் இருந்தது. அள்ளி அள்ளி இப்போது பல இடத்தில் களியும் கருவேலமும்தான் மிச்சம், ஓட்டக்காரர்களும் இழந்த ஒன்று அது. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிற வரைக்கும் மணல் மிச்சமிருக்கும் துறைகளில் பிள்ளைகளை ஓடவிடலாம். வாரம் ஒரு நாள், குறைந்த தூரம், நல்ல வேகம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஜிம்மில் சேர்ந்த மறுவாரமே டப்பா பவுடர் விற்க ஆள் வந்துவிட்டார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். திருச்சிப் பக்கம் முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது நாங்களெல்லாம் தெருவில் இனிப்புக் கொடுத்தோம். நான்ட்ரோலோன் சோதனையில் சிக்கிப் பதக்கமும் போய் நான்கு வருஷத் தடையும் வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர், தீர்ப்பு மாறவில்லை. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தன் வாய்க்குள் போவது எதிலிருந்து வருகிறது என்று ஓடுகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். முட்டை, மீன், நிலக்கடலை, கீரை, பால், வயிறு நிறையச் சோறு. ஓடிப் பளுவும் தூக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் அது தேறியதன் அடையாளம் இல்லை, சாப்பாடு பற்றவில்லை என்கிற எச்சரிக்கை. இதை அம்மாக்களிடம் வெட்கமில்லாமல் பேசும் கோச்சு நமக்கு வேண்டும்.

என் பேத்திக்கு வழி கிடைத்துவிட்டது. நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், 1500 ஓடுகிறான், அவனுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். தை, மாசியில் சம்பா அறுப்பு வந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவுக்குத் துணையாக 40 கிலோ சிப்பம் ஏற்றப் போய்விடுவான். போகாதே என்று சொல்ல அந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை, அந்த இரண்டு மாதக் கூலியில்தான் அவர்கள் கடன் அடைகிறது. இந்த வருஷம் அவன் நோட்டில் முதல் பத்தியாகச் சிப்பம் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் எண் விழுந்த நாள் அவனுக்கு ஜிம் கிடையாது, வேக ஓட்டமும் கிடையாது. இருபது நிமிடம் மெதுவோட்டம், ஆறு முறை நூறு மீட்டர் தளர்வாக, பிறகு வீட்டுக்குப் போய்த் தூக்கம். சிப்பம் இல்லாத நாளில்தான் நானூறுகள். மாசி கடைசியில் கூலி வேலை முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அவனுக்கு நேரம் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். தினம் இரண்டு முட்டைக்கு ஊரில் ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஸ்பைக்ஸ் இன்னும் வாங்க வேண்டும், அவனுக்கு ஏழாம் நம்பர்.